அம்மா மலைக்கு வாங்கிய பை

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் முடிவில் பள்ளி விடுமுறைத் திட்டம் ஒன்றை அறிவித்தார். மாதா கோயில் பிள்ளைகளையெல்லாம் புக்கித் தீமா மலைக்கு நடக்க அழைத்துப் போகிறாராம். சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். பெரியவர்கள் சிலர் துணைக்கு வந்தால் நல்லது என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் பக்தி முற்றித் தலை குனிந்துகொண்டது. அம்மா மட்டும் கையைத் தூக்கினார்.

அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தார். அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் குமாஸ்தா. சுமை, தூரம் பற்றியெல்லாம் தனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. எங்கள் வீடு ஃபேரர் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடியில் ஏழாவது தளத்தில் இருந்தது. அந்தக் காலத்து மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காது. ஐந்தில் இறங்கி மீதியை ஏற வேண்டும்.

"இந்த ரெண்டு மாடிக்கே உனக்கு மூச்சு வாங்குது. பாதி மலையில நின்னு டாக்சி கேக்கப் போற, பாரு" என்றார் அப்பா.

அம்மா, மலைக்குப் போக நல்ல பை ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்தப் பை எனக்குத்தான் என்று நான் அங்கேயே, படிக்கட்டிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிய கையோடு, பக்கத்துத் தெருவில் பை விற்கும் சீனர் கடைக்குப் போனோம். கடைக்காரத் தவுக்கே முதலில் எடுத்துக் காட்டியது பச்சை நிற ராணுவப் பை. இரும்புக் கொக்கிகளும் தடித்த துணியுமாக, காலியாக இருக்கும்போதே என் இரண்டு வயதுத் தம்பியின் எடை இருந்தது. அம்மா அதை ஒரு முறை தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து வந்தது சிவப்புப் பை. பனி மலைப் படம், எங்கு பார்த்தாலும் பாக்கெட்டு. நான் பார்த்ததுமே அதற்கு அடிமையாகிவிட்டேன். அம்மா அதன் தோள்வாரை மட்டும் தடவிப் பார்த்தார்.

"நாடா மாதிரி இருக்கு. சாமான் போட்டா தோள அறுத்துரும்."

எடை குறைந்ததாகக் காட்டுங்கள் என்று அம்மா தன் சந்தை மலாயில் கேட்டார். எல்லாமே ரிங்கான்தான், லேசுதான் என்றார் தவுக்கே. காலியாக இருந்தால் எந்தப் பையும் ரிங்கான்தான் என்று அம்மா திருப்பிச் சொன்னார். தவுக்கேவுக்கு அது பிடித்துவிட்டது. உள்ளே போய்ச் சாம்பல் நிற நைலான் பை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். காற்றாடித் தாள்போல மெல்லியது. தோள்வார் மட்டும் அகலமாக, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது.

அம்மா அதற்குள் இரண்டு தேங்காயையும் உருளைக்கிழங்கையும் போட்டார். மீன் பொட்டலத்தை எடுத்தபோது தவுக்கே இரண்டு கைகளையும் ஆட்டிக் கெஞ்சியதால் மீன் மட்டும் வெளியே தங்கியது. பையை மாட்டிக்கொண்டு அம்மா கடையின் கோடிவரை நடந்து திரும்பினார். குனிந்தார், நிமிர்ந்தார். பை இடுப்பில் இடிக்கிறது என்று வாரை இழுத்துச் சுருக்கினார். தவுக்கே ஓடிவந்து பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். குடை வாங்க வந்த மலாய்க்கார மாது ஒருவர், இப்போது சரியாக முதுகோடு ஒட்டியிருக்கிறது என்று தீர்ப்பு வழங்கினார். கடைசியில் அம்மா நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். சேலையோடு, தேங்காயோடு. தொங்கிக்கொண்டிருந்த குடைகளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

அம்மா அதையே கட்டச் சொன்னபோது, எனக்குப் பெரிதாக இருக்குமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"உனக்கு ஸ்கூல் பேக் இருக்குலா. இது எனக்கு."

வீடு போய்ச் சேரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மா கவனித்ததாகத் தெரியவில்லை.

மலைக்குப் போகும் நாளில் அம்மா சித்தியிடம் இரவல் வாங்கிய கால்சட்டையும் வெள்ளைச் சப்பாத்துக் காலணியும் போட்டிருந்தார். தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். மலையின் தொடக்கத்தில் தார்ச்சாலை செங்குத்தாக ஏறும். கொஞ்ச தூரத்திலேயே என் பள்ளிக்கூடப் பை ஒரு தோளை இழுத்து என்னைக் கோணலாக்கியது. சாமியார் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடக்கலாம் என்று ஆரம்பித்து, மாலையில் ஒவ்வொரு பத்து மணி உருட்டியதும் நின்று தியானம் செய்தார். அவர் சட்டை முழுவதும் வியர்வை. அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அப்பா சொன்ன டாக்சியை நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் பாட்டுப் பாடும் அக்கா ஒருவர் தன் சாப்பாட்டு அடுக்கை அம்மாவிடம் நீட்டி, பைக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"இடம் இல்லம்மா" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பைக்குள் இருந்தது எலுமிச்சைச் சோறு, தண்ணீர், ஒரு துண்டு. பாதிக்கு மேல் காலி. தவறாமல் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற அம்மா, சாமியாருக்கு முன்னாலேயே பொய் சொல்கிறாரே என்று பயந்து சாமியாரைப் பார்த்தேன். நல்லவேளை, அவர் தியானத்தில் இருந்தார்.

அதன்பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, பள்ளிக்கூட அணிவகுப்பில் போகிற பெண்ணைப்போல ஏறினார். வெளியே கிளம்பினால் எப்போதும் ஒரு கையில் தம்பி, மறுகையில் கூடை என்றிருப்பவர். உச்சிக்கு நான் வந்து சேர்ந்தபோது அம்மா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கைகளை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லடா கண்ணு. சும்மா இருக்கு" என்றார்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்த அப்பாவின் சட்டையில் கஞ்சி காய்ந்திருந்தது. தம்பி தலையணை உறையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியவில்லையாம். அம்மா அந்தப் பையைக் கழற்றாமலேயே அவனைத் தூக்கிக்கொண்டார்.

"அப்படி மேல என்னதான் தெரிஞ்சுது?" என்று கேட்டார் அப்பா.

"ஒண்ணும் பெருசா தெரியல. சுத்தி மரந்தான்."

"அப்புறம் எதுக்கு இந்தச் சிரிப்பு?"

அம்மா தம்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் சிரித்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே பார்க்க உண்மையிலேயே ஒன்றும் இல்லை, அம்மா ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கும் தெரியவில்லை என்று நான் அவருக்கு உறுதியாகச் சாட்சி சொன்னேன்.