டேப் சுற்றிய பிப்பெட்

சில வருடங்களுக்கு முன்பு, நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. செஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கல்லூரி. பெயர் வேண்டாம். சொன்னால், அங்கே மட்டும்தான் அப்படி என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

வேதியியல் படிக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிப்பெட் என்பது நடுவில் வயிறு பெருத்த நீளமான கண்ணாடிக் குழாய். கரைசலை அளந்து எடுக்க, அதன் ஒரு முனையை வாயில் வைத்து, இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல உறிஞ்சுவோம். கோடு வரை வந்ததும் விரலால் அடைப்போம். வாயால் உறிஞ்சக் கூடாது, அமுக்கி விட்டால் உறிஞ்சும் ரப்பர் பல்ப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் லேப் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பல்பைத்தான் நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டு பேருக்கு ஒரு பிப்பெட். எனக்கு ஜோடி, செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஒரே பஸ், ஒரே பெஞ்ச். என் டிபன் பாக்ஸ் புளிசோறு என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடைக்குச் சாமான் வாங்கப் போனேன். அவளுடைய அம்மா இருந்தார். மகளின் தோழி என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. பொட்டலம் கட்டிக்கொண்டே, “வூடு எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

காலனியில் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும், என்ன சாதி என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பொட்டலத்தை என் கையில் தராமல் பலகைமேல் வைத்தார்.

அடுத்த லேப் வகுப்பில், நான் உறிஞ்சிய பிப்பெட்டை அவள் குழாயடியில் கொண்டுபோய்க் கழுவினாள். சுத்தம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் வாய் வைத்த பிறகு எனக்குக் கொடுக்கும்போது கழுவவில்லை. நான் வாய் வைத்த பிறகு மட்டும் கழுவினாள். புளிசோறும் வேண்டாமாம், வயிறு சரியில்லையாம். எனக்கு வயிறு எரிந்தது.

பிப்பெட்டைத் தண்ணீரில் கழுவினால், எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலோடு கலந்து அளவு குறைந்து வரும். முதலாம் ஆண்டுப் பாடம் இது. அவள் அவசரத்தில் கழுவினாளே தவிர அலசவில்லை. ஒரே கரைசலுக்கு அவளுக்கு ஓர் அளவு, எனக்கு ஓர் அளவு; தப்பு அவளுடையதில்தான். சார் வந்தார். இரண்டையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் என்னுடையதைச் சிவப்பு மையால் அடித்தார்.

பொறுக்க முடியவில்லை. அவள் கழுவிவிட்டு அலசவில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் எதற்குக் கழுவினாய் என்று சார் அவளைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சாருக்கும் புரிந்தது. ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வாரம், கழுத்தில் வெள்ளை டேப் சுற்றிய ஒரு பிப்பெட்டை என்னிடம் நீட்டினார்.

“நீ இத தனியா வெச்சுக்கம்மா. ரெண்டு பேருக்கும் டென்ஷன் இல்ல பாரு.”

“டேப்பு எதுக்கு சார்?”

“அடையாளத்துக்குதான்.”

“யார அடையாளம் காட்டறதுக்கு சார்?”

அவர் பிப்பெட்டை என் மேஜைமேல் வைத்தார். அதை எடுக்காவிட்டால் செய்முறை மதிப்பெண் கிடையாது என்று மட்டும் சொன்னார். அது போனால் எம்.எஸ்சி. இடமும் போகும் என்பது எனக்குத் தெரியும். அப்படியும் அதை வாயில் வைக்க என்னால் முடியவில்லை. வகுப்பு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கூடப் படித்தவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் மும்முரமாகச் சோதனை செய்தார்கள்.

பெல் அடித்ததும் அந்தப் பிப்பெட்டை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவியின் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்லா படிக்கிற பொண்ணு, இதையெல்லாம் பெரிதாக்கலாமா என்று கேட்டார். நன்றாகப் படிப்பதற்கும் வாயை மூடிக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. லேப் சுவரில் எழுதியிருப்பதைச் சொன்னேன். வகுப்பு முழுவதற்கும் பல்ப் வர வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பேன், டேப்போடு இந்தப் பிப்பெட்டும் வரும் என்றேன்.

அடுத்த வாரம் எல்லா மேஜையிலும் ரப்பர் பல்ப் இருந்தது. எங்கிருந்து? லேபுக்குள்ளேயே பூட்டிக் கிடந்த அலமாரியிலிருந்து! உறைகூடப் பிரிக்கவில்லை. மாணவர்களின் பாதுகாப்புக்காக இந்த ஏற்பாடு என்று சார் அறிவித்தார். என் மதிப்பெண்ணும் வந்தது. நடந்தது தப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த அன்று பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செஞ்சிக் கோட்டை மலை தெரிந்ததும் மெதுவாக, “எங்கம்மாதான் சொல்லுச்சு. நான் இன்னா பண்றது?” என்றாள்.

“உங்கம்மா லேபுக்கு வரலியே” என்றேன். செஞ்சி வந்தது, இறங்கிவிட்டேன்.

எம்.எஸ்சி.யும் முடித்து, இப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே யாரும் எதையும் வாயால் உறிஞ்சுவதில்லை. ஆனாலும் பிப்பெட்டைக் கையில் எடுத்ததும் அதன் கழுத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. யாரை அடையாளம் காட்டுவதற்கு என்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. வரும்வரை இந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.