ஆட்டுக்கொட்டிலில் கிடந்த என் கூரை

கேரளத்து மலையிலுள்ள வண்டிப்பெரியாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், வீட்டுக் கூரை மேல் மணல் மூட்டை அடுக்கி, நாலு பக்கமும் கம்பியால் இழுத்து முளையடித்துக் கட்டியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊரில் மாட்டுக்குத்தான் முளையடிப்போம். "காத்தடிச்சா வீடு ஓடிருமாக்கும்?" என்று கேட்டேன். "ஓடும். பின்னாலயே நீயும் ஓடணும்" என்றார் என் வீட்டுக்காரர். இந்த வருஷம் கோடை மழையோடு வந்த காற்றில் கூரை ஓடவில்லை. பக்கத்து சில்வர் ஓக் மரத்தின் பெரிய கிளை முறிந்து அதன் மேல் விழுந்தது. அடுக்களைப் பக்கத்து ஷீட்டெல்லாம் நொறுங்கிப்போயின. சாமி விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரியாத்தா கையை நீட்டித் தடுத்தாள் என்றே இன்றும் நம்புகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு திறந்து கிடக்கக்கூடாது என்று நான் அழுதேன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருந்த காலம் தொட்டு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் கூரை போனால் அடுத்த வீட்டில் உலை வைக்கமாட்டார்கள். கூப்பிடாமலே எல்லோரும் வந்தார்கள். படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, கையெல்லாம் மரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. மேல் வீட்டு ஜோசப் சேட்டன் தன் மாட்டுத்தொழுவத்துக்கு வாங்கிவைத்திருந்த புது ஷீட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய பசு நிறைமாதம். வேண்டாம் என்றேன். "என்றெ பசு குட பிடிச்சோளும், சேச்சி" என்றார். அவர் பசு குடை பிடித்துக்கொள்ளுமாம். சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார். பொழுது சாய்வதற்குள் கூரை மூடியாயிற்று. உடைந்ததை வீட்டில் வைத்தால் ஆகாது என்று வந்தவர்களிடமே கொடுத்து அனுப்பினேன். விளக்கேற்றும்போது, இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் சேட்டனின் ஷீட் அவர் தொழுவத்துக்குப் போய்விடும் என்று ஆத்தாளிடம் சத்தியம் செய்தேன்.

வீட்டுக் கடன் வாங்கியபோதே பேங்கில் இன்சூரன்சும் போடவைத்திருந்தார்கள். கேட்கலாம் என்றதும் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். "உசுரு தப்புனதே பெருசு. இதுக்கு மேல கேட்டா ஆத்தாளுக்கே பொறுக்காது."

"உசுர ஆத்தா குடுத்தா. கூரைய இன்சூரன்சுக்காரவுக குடுக்கட்டும். சேட்டன் பசு நனையணுமாக்கும்?" என்றேன். அவரே பெட்டியைத் திறந்து இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

சேதத்தைப் பார்த்து எழுத இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, கேசரி கிண்டிவைத்தேன். நம் ஊரில் விருந்தாளிக்கு அலங்கோலத்தைக் காட்டுவோமா? வந்த தம்பி நல்ல பிள்ளை. கேசரியைச் சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். பளபளவென்று புது ஷீட். "பொட்டிய ஷீட் எவிடெ, சேச்சி?" என்றார். உடைந்தது எங்கே என்று கேட்கிறார்.

"அதெல்லாம் அன்னைக்கே குடுத்தாச்சு சார். வீடு சுத்தமா இருக்கு, பாருங்க" என்றேன் பெருமையாக.

"இத்ர பெட்டென்னு எந்தினா சரியாக்கியது?"

ஏன் இவ்வளவு அவசரம் என்கிறார். "வெள்ளிக்கிழமை, சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சேதம் ஒன்றும் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் விடவில்லை. பஸ் ஏறிப் போய் அவர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன். ஒரு தரம் இல்லை, பல தரம். "உடைஞ்சதக் காட்டுறேன், வந்து பாருங்க" என்பதையே தமிழிலும் எனக்குத் தெரிந்த மலையாளத்திலும் சொன்னேன். கடைசியில், மறுபடி வருகிறேன் என்றார்.

பிறகு என் கூரையைத் தேடி வீடு வீடாகப் போனேன். ஒருவர் விறகின் மேல் போட்டிருந்தார், ஒருவர் கோழிக்கூட்டுக்கு. பெரிய துண்டு, கிழக்கு வீட்டுச் செல்லத்தாயின் ஆட்டுக்கொட்டிலில்.

"ஏ மதினி, எங்கிட்டக் கேக்காதிய. ஆட்டுக்கிட்டக் கேளுங்க. அதுதான் ராசா மாதிரி படுத்துக் கெடக்கு" என்றாள் செல்லத்தாய். சொல்லிக்கொண்டே அவள்தான் ஒரு முனையைப் பிடித்தாள்.

எல்லாத் துண்டுகளையும் முற்றத்தில் கூரையில் இருந்த வரிசையிலேயே பரப்பினோம். நடுவில், கிளை இறங்கிய இடம், பெரிய ஓட்டையாகத் தெரிந்தது. முறிந்த கிளையின் அடித்துண்டையும் பக்கத்தில் உருட்டிவைத்தோம். சர்வேயர் படம் எடுக்கக் குனிந்தபோது, தன் கொட்டில் கூரையைத் தேடி வந்த ஆடு நேராகப் போய் ஷீட்டின் மேல் நின்றது.

"ஈ ஆடும் க்ளெய்மில் உண்டோ?" என்றார் அவர், இந்த ஆட்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறீர்களா என்று.

"அது சாட்சி, சார்!" என்றாள் செல்லத்தாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு துண்டையும் அளந்துதான் எழுதினார்.

கேட்ட இன்சூரன்ஸ் பணம் முழுதும் வரவில்லை. புதுக் கூரைக்குப் போதுமான அளவு வந்தது. மழைக்கு முன்பே சேட்டனின் ஷீட் தொழுவத்தில் ஏறிவிட்டது, அதன் கீழே கன்றும் பிறந்தது. உடைந்த துண்டுகளை அவரவர் திரும்ப எடுத்துப்போனார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. ஊரிலிருந்து போன் பேசிய என் அண்ணன், "எனக்குக் கொண்டா தாயி, கோழி வெயில்ல சாகுது" என்றான். சாக்கில் சுற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, குமுளி இறங்கி, கம்பம் வழியாகப் பஸ் மாறிக் கொண்டுபோனேன்.

இங்கே என் கூரையின் ஒரு துண்டுக்குக் கீழே ஆடு மழைக்கு ஒதுங்குகிறது. அங்கே இன்னொரு துண்டுக்குக் கீழே அண்ணனின் கோழிகள் வெயிலுக்கு ஒதுங்குகின்றன. அண்ணன் அதை முளைகளில் நிறுத்தும்போது அண்ணாந்து பார்த்தேன். அடிப்பக்கமெல்லாம் வண்டிப்பெரியாரில் நான் அடுப்பெரித்த கரி அப்படியே இருந்தது. அதன் மேல் எங்கள் ஊர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.