பாலத்தை உடைத்தது யார்?

என் அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்க ஊராருக்கு லென்ஸ் தேய்ப்பார். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதனை நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொல்வார். சும்மா கேட்கிற கதை இல்லை. ஆளுக்கொரு பாத்திரமாக நாங்களே அதற்குள் நடமாட வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை நடக்கும் ஊர், வரைபடம், சரித்திரம் எல்லாம் தடிப் புத்தகமாக அச்சில் வரும். நான், அண்ணன், எதிர்க்கடைப் பல் டாக்டர் மூவரும் ஒன்பது வருஷமாக ஆடுகிறோம்.

அதில் நான் பாலக்காரி. அந்த ஊர் ஆற்றின் மேல் ஒரு கல்பாலம் கட்டி முடிக்க எனக்கு நாலு வருஷத்து ஞாயிறுகள் பிடித்தன. நிஜத்தில் எனக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது, அது வேறு விஷயம்.

போன மாதம் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தது. கதையின் காலத்தை நூறு வருஷம் தள்ளி வைத்துவிட்டார்கள். டாக்டருக்கு வாய் நிற்குமா? முழுசாகப் படித்துவிட்டு, கடைக்குள் நுழையும்போதே கத்தினார்.

“பாலக்காரி, உங்க பாலம் போச்சு! நாற்பத்தோராம் பக்கம் பாருங்க!”

பார்த்தேன். ‘பழைய பாலத்தின் தூண்கள் மட்டும் மிஞ்சியுள்ளன.’ ஒரே வரி! எவனோ எங்கேயோ உட்கார்ந்து எழுதினால் என் பாலம் விழுந்துவிடுமா? எனக்கு ரத்தம் கொதித்தது.

“அண்ணி, இந்தப் புத்தகத்தைப் பிரிச்சீங்கன்னா நான் இனிமே வரமாட்டேன்.”

“அப்போ செக்குமாடு மாதிரி அதே காலத்தையே சுத்தணுமா?” என்றார் டாக்டர். “புதுக் காலம் இல்லேன்னா என்னை விட்டுடுங்க.”

“ரெண்டு பேரும் போயிட்டா நான் சுவரோடயா ஆடறது?” என்றான் அண்ணன்.

அண்ணி அலட்டிக்கொள்ளவே இல்லை. “அடுத்த ஞாயிறு மட்டும் வாங்க. அப்புறம் முறுக்கிக்கலாம்.”

போனேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்குமேல் பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார் அண்ணி.

“பாலம் இல்லைன்னு போட்டிருக்கான். யார் உடைச்சா, எதுக்கு உடைச்சான்னு ஒண்ணும் எழுதலை. நடுவுல இருக்கற நூறு வருஷம் நம்மளோடது. ஆரம்பிக்கலாமா? எதிர்க்கரையில படை வந்து நிக்குது. ஊர் ஜனம் காலி பண்ணித் தப்பிக்க ஒரு பகல் வேணும். பாலக்காரி, என்ன பண்றே?”

எனக்குப் புரிந்துவிட்டது. பாலத்தை உடைக்க வேண்டியது நானேதான்.

“வேண்டாம்மா, வேற வழி பார்க்கலாம்!” என்று பதறியவர் யார் தெரியுமா? டாக்டர்!

“எந்தக் கல்லை உருவினா விழும்னு கட்டினவளுக்குத்தானே தெரியும்? உருவறேன்” என்றேன்.

“பதினெட்டுக்கு மேல விழணும்” என்றார் அண்ணி.

உருட்டினேன். பகடை துள்ளி நாற்காலிக்கு அடியில் ஓடியது. நாலு பேரும் தரையில் குப்புற விழுந்து பார்த்தோம். பத்தொன்பது! டாக்டர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். தெருவில் போன யாரோ ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி பழைய வரைபடத்தை எடுத்து மடித்தார். புதியதில் நூறு வருஷம் கழிந்திருந்தது. டாக்டர் இப்போது படகோட்டி.

“தூண் ஓரமா படகு நிக்குது. ஏற வந்தவங்க கேக்கறாங்க, இது என்ன துறை?” என்றார் அண்ணி.

டாக்டர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பாலக்காரி துறை. அன்னிக்கு எங்க கொள்ளுப்பாட்டி தப்பிச்சதாலதான் நான் இருக்கேன். ஏறுங்க.”