திருப்பி வைத்த தொட்டி

நான் செஞ்சியில் குப்பை லாரி ஓட்டுகிறேன். பட்டம் படித்தவன் குப்பை வண்டி ஓட்டுகிறானே என்று யாராவது பரிதாபப்பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வேலையில் குறை ஒன்றும் இல்லை. குறை எல்லாம் அந்த லாரியின் ஏற்றிவிட்ட ஜன்னல் கண்ணாடியில்தான்.

லாரி வருவதற்கு முன் பேட்டரி வண்டி ஓட்டினேன். என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் விசில் ஊதிக்கொண்டு முன்னால் நடப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குப்பையைக் கையில் வாங்குவோம். "இன்னாபா, நேத்து ஏன் வரல?" என்று ஒரு வீட்டில் சண்டை. "இந்தப் பழைய ஃபேன எட்த்துக்கினு போயேன்" என்று அடுத்த வீட்டில் கெஞ்சல். எட்டு மணிக்குள் நூறு பேரிடமாவது வாய் கொடுத்திருப்பேன். அப்போதெல்லாம் அது பெரிய இம்சையாக இருந்தது. ஒரு நாளாவது என்னைப் பேசாமல் வேலை செய்ய விடுங்களேன் என்று அக்காவிடம் புலம்பியிருக்கிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது சும்மா சொன்னதில்லை.

பிறகு இரும்புக் கை வைத்த லாரி வந்தது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், தெரு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பேரூராட்சி ஆபீஸில் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு பச்சைத் தொட்டி, சக்கரமும் மூடியும் வைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அதை ரோட்டோரம் வைத்துவிட வேண்டும். பிடி வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும், முன்பக்கம் ரோட்டைப் பார்த்து. நான் கேபினில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் கை நீளும், தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கும், கவிழ்க்கும், திரும்ப வைக்கும். கேபினில் ஒரு சின்ன டிவி. அதில் தொட்டி தெரியும், ஆள் தெரியாது. டிரைவர் கீழே இறங்கக் கூடாது என்பது சட்டம். வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது என்பது ஆபீஸிலிருந்தே தெரியும். லாரிக்கு ஒரு ஆள் போதும் என்று அக்காவை உரக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

முதல் மாதம் ஊரில் பாதிப் பேர் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். சிலர் நிலத்தில் பிடுங்கிய மல்லாட்டைக் கடலையைக் கொட்டி வைத்தார்கள். புதுத் தொட்டியில் குப்பை போட யாருக்கு மனசு வரும்? ஒருவர், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சைக்கிள் செயினால் தொட்டியைக் கேட்டோடு பூட்டி வைத்திருந்தார். நான் பொத்தானை அழுத்த, தொட்டியோடு கேட்டும் கிளம்பி வந்தது. அவர் ஓடிவந்து என் வம்சத்தையே திட்டினார். கண்ணாடியை இறக்கிக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதம் வேலை நேரத்தில் என்னோடு நேருக்கு நேர் பேசியவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு வீட்டிலும் ஆள் கிடையாது. மகள் சென்னையில் படிக்கிறாள். மனைவியும் அவளோடு இருந்து அங்கேயே ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். சொந்த ஊரான வல்லத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். வேலை முடிந்து அறைக்குப் போனால் ஓட்டல் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம்தான் எனக்குப் பேச்சுத் துணை. சில நாட்களில் மாலையில் டீ கேட்கும்போது தொண்டை கட்டியிருப்பது தெரியும். காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

பாறையை ஒட்டிய கடைசித் தெருவின் கடைசி வீட்டில் ஓர் அம்மா தனியாக இருந்தார். ரேஷன் கடையில் அரிசி போட்டு ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஊருக்கே அரிசி நிறுத்துப் போட்டால் ஊர் முழுக்கப் பகை வராமல் இருக்குமா? எடை குறைகிறது, சர்க்கரையை ஒளித்து வைக்கிறார் என்று அவரைத் திட்டாத வாய் இல்லை. நல்லது கெட்டதுக்கு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பேட்டரி வண்டிக் காலத்தில், குப்பைப் பையை நீட்டும்போதே எங்கள் இருவரையும் ஒரு பிடி பிடிப்பார். பிடித்து முடித்ததும், "சாப்டியா?" என்பார். நூறு வீட்டில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

லாரி வந்த பிறகு அவர் தொட்டிதான் தெருவிலேயே ஒழுங்கான தொட்டி. அளவெடுத்தாற்போல் நிற்கும். தூக்கினால் காற்றுப் போல் வரும். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு குப்பை சேரும்? உள்ளே போய் விழுவதை டிவியில் பார்ப்பேன். ஒரு கைப்பிடிக் கீரைத்தண்டு, ஒரு பால் கவர், மாத்திரை அட்டை. என் அறைக் குப்பையும் ஏறத்தாழ அவ்வளவுதான். பாம்பின் கால் பாம்பறியும்.

ஒரு நாள் அந்தத் தொட்டி வெளியே இல்லை. மறந்திருப்பார் என்று போய்விட்டேன். அடுத்த நடையும் இல்லை. ஹாரன் அடித்தேன். கதவு திறக்கவில்லை. இறங்கலாமா என்று கை கதவுப் பிடிவரை போனது. வண்டி ஏன் நிற்கிறது என்று ஆபீஸிலிருந்து எங்களை மேய்க்கிற மேஸ்திரி போன் பண்ணுவாரே என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நடையிலும் தொட்டி இல்லை. அன்று எந்தச் சட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை. குதித்து ஓடிக் கதவைத் தட்டினேன்.

உடனே திறந்தது. குத்துக்கல் மாதிரி நின்றார்.

"இன்னா?" என்றார்.

"தொட்டி வெளிய காணோம்மா. அதான் பாத்துட்டுப் போலாம்னு."

"எத்தினி நடையா காணோம்?"

"மூணு நடையா."

"மொத நடையே பாத்த இல்ல?"

"பாத்தேம்மா."

"பாத்துட்டுப் போய்ட்ட." கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். "எவனாச்சும் வந்து கேக்கறானான்னு வேணும்னேதான் வெக்கல. செத்துக் கெடந்தேன்னு வெச்சுக்க, நாத்தம் வந்தப்பறம் ஆபீசுக்குப் போன் பண்ணி, குப்ப எடுக்கலன்னுதான் சொல்லுவானுங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் பார்த்தேன், போய்விட்டேன். அவ்வளவுதான்.

"சாப்டியா?" என்றார்.

"இல்லமா."

"நேரத்துக்குத் துன்னு. உள்ள மூணு பை சேந்து கெடக்குது, எட்த்துக்கினு போ."

அடுத்த நடை தொட்டி வெளியே இருந்தது, ஆனால் திருப்பி வைத்திருந்தார். பிடி ரோட்டைப் பார்த்து இருந்தது, அதுவும் சுவரோடு ஒட்டி. இரும்புக் கை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இறங்கினேன். கேட்டுக்கு உள்பக்கம் அவர் நின்றிருந்தார்.

"தொட்டிய மாத்தி வெச்சுட்டீங்கமா. பிடி வீட்டப் பாத்து இருக்கணும்."

"வயசாயிடுச்சு. ஞாபகம் இருக்க மாட்டேங்குது."

ஊரில் யார் யாருக்கு என்ன கார்டு, எத்தனை தலைக்கட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர் அவர். எனக்குப் புரிந்துவிட்டது. தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையும் தொட்டி திரும்பியே இருந்தது. நானும் ஒவ்வொரு நடையும் இறங்கினேன். இரண்டு நிமிடம், கொஞ்சம் போனால் மூன்று. "உன் கார்டு வல்லத்துலயா? அரிசி கார்டா சக்கர கார்டா?" என்று ஆரம்பித்து என் மகளின் பரீட்சைவரை வந்தோம். ரேஷன் கடையில் தன்னைத் திட்டியவர்களை வரிசை வைத்துத் திட்டுவார். நான் ஆமாம் போடுவேன். பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. இருந்தாலும் அந்தத் தெருவுக்கு வண்டி திரும்பும்போதே நான் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

மேஸ்திரி விடுவாரா? "அந்தக் கடைசி வீட்டாண்ட மட்டும் வண்டி எதுக்குய்யா நிக்குது?" என்று கேட்டார்.

"அந்தம்மா தொட்டிய மாத்தி வெச்சுட்றாங்க சார்."

"நா வந்து சொல்லட்டா?"

"வேணாம் சார். நானே சொல்லிக் குடுக்கறேன்."

மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. தை பிறந்து, காலைப் பனியில் மலை தெரியாமல் இருந்த ஒரு நாள், அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். தொட்டி சரியாக இருந்தது. பிடி வீட்டைப் பார்த்து, சுவரை விட்டுத் தள்ளி, மூடியில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பது போலவே.

இறங்கினேன். கேட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவுங்க புள்ள நேத்து ஓசூர்லேந்து வந்தான். இனிமே தனியா உட முடியாதுன்னு இட்டுக்கினு பூட்டான். வீட்டக் கழுவி, குப்பையெல்லாம் போட்டு, அவன்தான் தொட்டிய வெச்சுட்டுப் போனான்" என்றார்.

"எதுனா சொன்னாங்களா?"

"யாரு, அந்தம்மாவா? எங்க கிட்ட என்னிக்குப் பேசுனாங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அம்மாவைக் கூட்டிப்போன பிள்ளைமேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை. என்னுடையது அவரிடம் இல்லை. எங்களுக்குத் தொட்டி போதுமானதாக இருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன். தொட்டி முதல் தடவையாக நிரம்பியிருந்தது. பழைய செருப்பு, தேய்ந்த துடைப்பம், போன வருடக் காலண்டர், பாதி தீர்ந்த தைலப் புட்டி. மூடினேன். ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். கை ஒரே தடவையில் பிடித்தது. தூக்கி, கவிழ்த்து, இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்தது.

ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டுபோனபோது மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னிக்கு சீக்கிரம் முட்ச்சிட்டியே. அந்தம்மாவுக்கு ஒருவழியா கத்துக் குடுத்துட்ட போலருக்குது" என்று தோளில் தட்டினார்.

"ஆமா சார்" என்றேன். அந்தத் தெருவை விட்டபின் வாயே திறக்காததில், தொண்டை கட்டி அது சரியாக வெளியே வரவில்லை.