ராசாங்கம் சொன்ன நூறு அடி

ராசாங்கத்துக்கு எடை மேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். கம்ப்யூட்டரில் எடை விழும். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த லாரி வரும்வரை படிப்பான். பத்து வருடமாக அவன் படிப்பதெல்லாம் ஒரே விஷயம்தான்: பூமி சூடாவது, பனிமலை உருகுவது, பவளப்பாறை வெளுப்பது, பூச்சியினங்கள் அழிவது. ஆண்டிமடம் நூலகத்தில் அந்த மாதிரிப் புத்தகங்களை அவனைத் தவிர யாரும் எடுப்பதில்லை.

டீக்கடையில் அவன் பேச்செடுத்தால், "ஒலகம் அழியறதுக்குள்ள ஒரு டீயக் குடிச்சிடுய்யா" என்பார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குச் சீட்டுக் கிழிக்கிறவன் பூமிக்காகக் கவலைப்படுகிறானே என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். கோபம் வரும். கூடவே ஒரு பெருமையும் இருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதெல்லாம் தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான்.

மனைவி கண்ணகி எட்டாவதோடு நின்றவள். முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். சொந்தமாக முக்கால் ஏக்கர் முந்திரிக் காடும் உண்டு. சாயங்காலம் அவள் சமைக்கும்போது அவன் சத்தமாக வாசிப்பான். அவள் கேட்கிறாளா இல்லையா என்று பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்த வாரம், பூச்சிகள் குறைந்துவருவதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தான். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கண்ணகி கையை நிறுத்தினாள்.

"ஏங்க, நம்ம காட்டுலயும் இதே கதைதான். மூணு வருஷமா பூ பூக்குது, பிஞ்சு புடிக்கல. முன்னெல்லாம் பூ எடுக்கறப்ப காடே ரீங்குன்னு கெடக்கும். இப்ப சத்தமே இல்ல."

"ம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினான்.

குடியரசு தினத்துக் கிராம சபையில் அவள் எழுந்து நின்றாள். "வெயிலும் பனியும் முன்ன மாதிரி இல்ல. அத நம்மளால புடிச்சி நிறுத்த முடியாது. ஆனா காலையில பூ விரியற நேரத்துல மருந்தடிக்கறத நிறுத்தலாம்ல? தேனீ வர்ற நேரம் அது. பொழுது சாஞ்சப்புறம் அடிங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் காட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். வந்திருந்த வேளாண்மை அலுவலர் தென்றல், சின்ன வயசுப் பெண், கண்ணகியின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். "அடுத்த வாரம் அரியலூர்ல முந்திரி விவசாயிங்க கூட்டம் இருக்கு. நீங்க வந்து இதையே பேசணும்ங்க."

ராசாங்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பத்து வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தவன் அவன். அவளோ அடுப்படியில் காதை மட்டும் கொடுத்தவள். வீட்டுக்கு வரும் வழியில் நாலு பேர் அவளை நிறுத்திப் பேசினார்கள். அவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வாசிப்பதை நிறுத்திவிட்டான். "அப்புறம் அந்தப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்றான். இன்னும் நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. புத்தகத்தை எடை மேடை அறையிலேயே வைத்துப் பூட்டினான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கேட்டாள்: "ஏங்க, ஒரு தேனீ எவ்வளவு தூரம் போயி தேன் எடுக்கும்? கேட்டாங்கன்னா சொல்லணும்ல."

அவனுக்குத் தெரியும். கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று அடிக்கோடு போட்டே வைத்திருந்தான். "ஒரு நூறு அடி போவும்" என்றான்.

அரியலூருக்கு அவனும் போனான். மேடையில் அவள் தடுமாறவே இல்லை. அவள் பேசப் பேச எல்லாரும் தலையாட்டினார்கள். அவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடைசியில் ஒருவர் தேனீ எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். "நூறு அடிங்க" என்றாள்.

அவர்கள் ஊர்ப் பிச்சைமுத்துவும் வந்திருந்தார். ஆறு ஏக்கர் காட்டுக்காரர். "அப்ப உன் காட்டுத் தேனீ என் காட்டுக்கு வராதுல்ல? நான் எப்ப மருந்தடிச்சா உனக்கென்னம்மா?" என்றார். மண்டபமே சிரித்தது. தென்றல் எழுந்து, "இல்லங்க, ஒரு கிலோமீட்டருக்கு மேலயே போகும். அதனாலதான் ஊரே சேர்ந்து நிறுத்தணும்ங்கறது" என்று விளக்கினார். அதற்குள் பாதிப்பேர் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கண்ணகி மைக்கைப் பிடித்தபடி ராசாங்கத்தையே பார்த்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள்: "தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?"

ராசாங்கத்துக்குப் பொய் வரவில்லை. "தெரிஞ்சேதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. நாலு நாள் பேசவும் இல்லை. ஐந்தாவது நாள், "அந்தப் புத்தகத்தக் கொண்டாங்க. நானே படிச்சிக்கிறேன்" என்றாள்.

எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். அவன் எப்போதோ தாண்டிவந்த வரிகள். ஒரு இடத்தில் நிறுத்தி, "அடப்பாவமே" என்றாள். அந்த வரியை ஐந்து தடவை படித்திருக்கிறான். ஒரு தடவைகூட அவனுக்கு அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. அதற்கும் அவள்மேல் பொறாமை வந்தது.

அதற்குள் ஊரில் வேறு பிரச்சினை. பிச்சைமுத்து காலையிலேயே மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டார். "நூறு அடின்னு கண்ணகியே சொல்லிடுச்சே" என்று இன்னும் இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கண்ணகி போய்ச் சொல்லியும் கேட்கவில்லை.

ராசாங்கம் வேலைக்குப் போகாமல் பிச்சைமுத்து வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அண்ணே, நூறு அடின்னு சொன்னது பொய். நான்தான் கண்ணகிக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"ஏன்யா?"

"வயித்தெரிச்சல்ணே. பத்து வருஷமா நான் சொல்லி ஒருத்தரும் கேக்கல. அது ஒருநாள் சொல்லி ஊரே கேட்டுச்சு."

பிச்சைமுத்து இருமல் வரும்வரை சிரித்தார். மத்தியானத்துக்குள் டீக்கடைவரை விஷயம் போய்விட்டது. ராசாங்கத்துக்கு 'நூறடி' என்று பேர் வைத்தார்கள். ஆனால் அன்றைக்குப் பிச்சைமுத்து காட்டில் மருந்து மிஷின் சத்தம் பொழுது சாய்ந்த பிறகுதான் கேட்டது. மற்ற இருவரும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள்.

அந்த வருடம் மாசிப் பனியில் பூ பாதி கருகிவிட்டது. மீதியில் பிஞ்சு பிடித்தது, போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அது தேனீயால்தானா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

பங்குனியில் தென்றல் மறுபடி கூப்பிட்டார். பெரம்பலூரில் ஒரு கூட்டமாம், கண்ணகி பேச வேண்டுமாம். ராசாங்கம்தான் போனை எடுத்தான். "இருங்க, குடுக்கறேன்" என்று அவளிடம் நீட்டினான். அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்கப் பிடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.