பெபிஷாவுக்கு ஒரு நெட் கனெக்‌ஷன்

இரணியல் பக்கத்து அரசுப் பள்ளியில் மணியடித்தும் ஃபைல் சுமந்தும் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர் ராஜையன். 2012இல் அவரைப் போல இன்டர்நெட்டைப் பற்றி விசாரித்த ஆள் அந்த வட்டாரத்திலேயே இல்லை. மகள் பெபிஷாவுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. மருமகன் ஜெப்சனும் அப்படித்தான். அவளோடு படித்தவன், கத்தாரில் அச்சகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் பாஷை கைதான்.

அந்த மாதக் கடைசியில் ஜெப்சன் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் அவனிடம் ஒன்று சொல்லியாக வேண்டும் என்று சீட்டில் கிறுக்கிக் காட்டி ஒற்றைக்காலில் நின்றாள் பெபிஷா. "எழுதி அனுப்பு மக்கா" என்று பேனாவை நீட்டினார். முடியாதென்று தலையை ஆட்டிவிட்டாள். அவள் எழுத்து பலசரக்குச் சீட்டுக்குப் போதும், மனசைச் சொல்லக் காணாது. அப்பாவிடம் சொல்கிற விஷயமும் இல்லை போலிருக்கிறது.

முதலில் டேட்டா கார்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் சிக்னல் எடுக்கும். ஜெப்சனின் முகம் வரும், விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். குரல் கேட்டால் போதும் என்கிறவர்களுக்கு அது தாராளம். விரல் போனால் இவர்களுக்கு என்ன மிச்சம்? அடுத்து கேபிள்காரர் சுயம்புலிங்கத்தின் நெட். காலையில் பாய்ந்து ஓடும். சாயங்காலம் தெருவே அதில் தொங்குவதால் நகராது. ஜெப்சனுக்கு ஓய்வே சாயங்காலம்தான். போதாததற்குக் கரண்ட் கட் வேறு.

கடைசியில் போன் கம்பி வழி வருகிற பிராட்பேண்ட். ஜெப்சன் எதிரில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தான், நகம்கூடத் தெளிவு. ராஜையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பெபிஷாவின் படம் அங்கே அசையவே இல்லையாம். ஜெப்சன் கையை விரித்தான்.

டெலிபோன் லைன்மேன் பகவதியப்பனை வழியில் மறித்தார்.

"அண்ணாச்சி, இறங்கி வரியதுக்குத்தான் இந்த வேகம். நம்ம படத்த அங்க ஏத்தி விடியதுக்கு அதுல கால்வாசி கூட கெடையாது. எல்லாவனும் படம் பாக்கத்தான வாங்குகான்? திருப்பிக் காட்டியதுக்கு யாரு கேக்கா?"

"ஏறிப் போறதும் வேகமா ஒண்ணு தரப்பிடாதா?"

"அது பெரிய ஆபீசுகளுக்குள்ள தனி லைன். வீட்டுக்குத் தரமாட்டாவ."

கடைசி நாள் வந்தது. பெபிஷா கேமராவின் முன்னால் மெதுவாகச் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாக. ஜெப்சன் திரையை உற்றுப் பார்த்துத் தலையசைத்தான், புரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சிரித்த முகமாக ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, காற்றில் கையெழுத்துப் போட்டான். போட்டாயிற்று.

பெபிஷா கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அப்பாவைப் பார்த்துக் கைகளால் கொட்டினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூடக் கை ஓயவில்லை. மகள் பிறந்து இருபத்தாறு வருஷமாகியும் அந்தப் பாஷையில் சோறு, காய்ச்சல், பொறு என்ற மூன்றுதான் ராஜையனுக்குத் தெரியும். பாவி, படிக்காமல் விட்டுவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். எல்லாம் விளங்கியவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.