வரிசையில் நின்ற குடம்

பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வெளிவரப்போகும் வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அனுப்புவது அங்கே வேலை. ஒரு கேமுக்கு இரண்டு பேர். இரண்டு மணி நேரம் ஆடு, எண்ணைப் போடு என்பது டீம் லீட் ஷங்கரின் சட்டம். இருவருமே ஐந்துக்குக் கீழே போட்டால் அந்த கேமை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஜோவிதா அந்தச் சட்டத்துக்கு அடங்கியதே இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடி ஆடியே தொழிலைக் கற்றவள். ஆரம்பித்ததை முடிக்காமல் எழுந்திருக்கமாட்டாள். இந்த மாதம் காண்டிராக்ட் புதுப்பிக்கும் மாதம். "ஸ்லோ" என்று அவள் பெயருக்கு எதிரே ஷங்கர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தான்.

அந்த வாரம் ஷங்கருக்கும் ஜோவிதாவுக்கும் வந்தது 'சாம்பல் எல்லை'. உலகம் எரிந்து முடிந்தபின் மிஞ்சிய ஓர் ஊர். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விளம்பரம் சொன்னது. ஆனால் முதல் ஐந்து மணி நேரம் ஊர்க்கதவு திறப்பதில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிப்பதுதான் வேலை. துப்பாக்கி இல்லை, வண்டி இல்லை. ஷங்கர் வரிசையை இடித்துத் தள்ளி முன்னால் போய்ப் பிடித்தான். யாரும் தடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் எழுந்து, பத்துக்கு மூன்று போட்டான்.

"நீயும் மூணு போட்டுடும்மா. கதை முடிஞ்சுது."

"நான் இன்னும் முடிக்கல."

"இன்னாத்த முடிக்கிறே? தண்ணி லைன்ல நிக்கிறதுக்கா உனக்கு சம்பளம்?"

"நான் எங்க நிக்கிறேன்? குடம் நிக்குது."

உண்மைதான். தங்கவயலில் அவள் தெருவில் குழாய்க்கு ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். வைத்த குடத்தை யாரும் நகர்த்தமாட்டார்கள். கைப்பழக்கத்தில் கேமிலும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நடந்தாள். கேம் அதை ஒத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது குடம் இரண்டு இடம் முன்னேறியிருந்தது. பின்னால் இருந்த கிழவி நகர்த்தி வைத்திருந்தாள்.

ஆறாவது மணி நேரத்தில் கதவு திறந்தது. வெளியே கண்ணுக்கெட்டும் வரை கருகிய நிலம். இடிந்த வீடு ஒவ்வொன்றிலும் குழாயடியில் பார்த்த ஒரு முகம். ஒருத்தி வழி சொன்னாள், ஒருவன் மருந்து கொடுத்தான், அந்தக் கிழவி கோடாரியோடு கூடவே வந்தாள். அதற்குப் பிறகு ஜோவிதா டீ குடிக்கவும் எழவில்லை. வண்டி ஓட்டும் பகுதி படுமோசம், அதையும் எழுதினாள். எட்டு போட்டாள்.

ஷங்கர் மேஜைக்கே வந்துவிட்டான். "மாத்து. ரெண்டு நம்பர் ஒத்து வரலேன்னா காரணம் கேப்பாங்க. புகார் உன் பேர்லதான் போவும். காண்டிராக்ட் டைம், யோசி."

"போவட்டும். இனிஷியலும் சேத்தே போடுங்க."

"திமிரு."

"ஆமா. இத கொஞ்சம் பாருங்க."

அவன் பாதியில் விட்ட ஆட்டத்தை அவளே ஆறாவது மணி நேரம் வரை கொண்டுவந்து வைத்திருந்தாள். திரையில் அவனுடைய ஆள் ஒரு கதவைத் தட்டினான்.

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பிறகு, "குழாயடியில எங்கம்மாவ தள்ளினவன்." தாழ்ப்பாள் விழுந்தது.

ஷங்கர் உட்கார்ந்து அடுத்த கதவைத் தட்டினான். அதற்கடுத்ததையும்.

ஜோவிதா எட்டை மாற்றாமல் அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.